ஓகே லான்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன்

கதிர்,

இதை வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கலாம். பேசியே அனுப்பினா இன்னும் சுலபம். ஆனா என் வாயை நான் நம்பறதில்ல. நீ "எப்படிம்மா இருக்கீங்க?"ன்னு கேட்ட உடனே அது என்னைக் கேக்காமலே "ஓகே லா, எல்லாம் ஓகே"ன்னு சொல்லிட்டு, "நீ சாப்பிட்டியா, அங்க குளிரா?"ன்னு அடுத்த பேச்சுக்குத் தாவிடும். கையால எழுதினா அந்த வேகம் வராது. அதனாலதான் ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜைல ஃபேனுக்குக் கீழே உக்காந்து, பேப்பர் பறக்காம இருக்க டிவி ரிமோட்டைத் தூக்கி மேலே வச்சுட்டு எழுதிட்டிருக்கேன். தமிழ் எழுதி ரொம்ப வருஷமாச்சு. எழுத்துப்பிழை இருந்தா சிரிக்காதே. உன் தமிழ் டீச்சர்கிட்ட உனக்காக நான் வாங்கிக் கட்டிக்கிட்டதை நெனச்சா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

நீ ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கேட்ட கேள்விக்குப் பதில் எழுதறேன். ஆஸ்திரேலியாவுல உங்க மிருக கிளினிக்கோட பெரிய டாக்டர் ஓய்வெடுக்கப் போறார், உன்னைப் பார்ட்னரா சேந்து கிளினிக்கை எடுத்து நடத்தச் சொல்றார், மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும்னு சொன்னே. போட்டா அந்த ஊர்தான் உனக்கு ஊர், எனக்குப் புரியுது. அப்புறம், "அம்மா, நான் சிங்கப்பூருக்குத் திரும்பி வரணுமா, வேண்டாமா? எனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லாதீங்க, உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. வான்னு சொன்னா வந்துடறேன்"ன்னே. நான் யோசிக்கக் கூட இல்ல. "பைத்தியமா உனக்கு? போடுடா கையெழுத்தை! எனக்கு இங்க என்ன குறைச்சல்? ஓகே லா"ன்னு சொல்லிட்டு, அடுப்புல பால் பொங்குதுன்னு போனை வச்சுட்டேன். அடுப்புல பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடுப்பையே நான் அன்னைக்குப் பத்த வைக்கல. அந்த ஓகே லாவை நான் இப்போ திரும்ப வாங்கிக்கறேன். அதுக்குப் பதிலா என்ன சொல்லப் போறேன்னு வரிசையா வர்றேன், அதுக்குள்ள கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. சின்ன வயசுல கதைப் புத்தகத்தை எல்லாம் அப்படித்தான் படிப்பே, எனக்கு எரிச்சலா வரும்.

முதல்ல என் வேலையைப் பத்திச் சொல்லணும். உன் கூட்டாளிங்க கேட்டா "அம்மா கண்டெய்னர் கம்பெனில இருக்காங்க"ன்னு சொல்லி முடிச்சுடுவே, நானும் உனக்கு ஒழுங்கா சொன்னதில்ல. துவாஸ் துறைமுகத்துல கப்பல்லேருந்து இறங்கற கண்டெய்னர் பெட்டியை எங்க வண்டி போய் எடுக்கும். கிராஞ்சிலயோ ஜூரோங்லயோ ஒரு கிடங்குல கொண்டு போய் விடும். அவங்க சாமானை இறக்கினதும் காலிப் பெட்டியை, அதையெல்லாம் அடுக்கி வைக்கிற டிப்போவுல திருப்பி விடணும். இன்னொரு பக்கம், வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பறவன் ஒருத்தன் காலிப் பெட்டி எப்போ வரும்னு போன் மேல போன் போட்டுட்டிருப்பான். யோசிக்காம பண்ணினா என்ன ஆகும் தெரியுமா? இவன்கிட்டேருந்து ஒரு காலிப் பெட்டி தீவோட மேற்கு மூலைக்குப் போகும், அதே மூலையிலேருந்து இன்னொரு காலிப் பெட்டி இவனுக்கு அடுத்த சந்துல இருக்கறவனுக்கு வரும். ரெண்டு வண்டி, ரெண்டு டிரைவர், ரோடு பூரா புகை, ரெண்டுலயும் ஒரு ஊசி கூட இருக்காது. யோசிச்சுப் பண்ணினா, இறக்கின அதே பெட்டியை நேரா அடுத்த சந்துக்குக் கொண்டு போய் ஏத்தி, அப்படியே துறைமுகத்துக்கு அனுப்பிடலாம். அதுக்கு ஒரே கப்பல் கம்பெனி பெட்டியா இருக்கணும், அளவு ஒத்து வரணும், அவங்க சரின்னு சொல்லணும், நேரமும் கூடி வரணும். அப்படி ஒரு ஜோடி அமைஞ்சுட்டா அன்னைக்குப் பூரா எனக்குக் கல்யாண வீட்டு சந்தோஷம்தான். (உன் கல்யாணப் பேச்சை எடுக்கல, பயப்படாதே.) இப்போ ஒரு சாஃப்ட்வேர் வந்து அந்த ஜோடியை எல்லாம் அதுவே சேத்துடுது, என்னை விட நல்லாவே சேக்குது, அதுல எனக்குப் பொறாமை கிடையாது. ஆனா டிரைவருக்குப் போன் போட்டு "எங்க இருக்கீங்க, இன்னும் எவ்வளவு நேரம்?"னு கேக்கறது இன்னும் நானும், பக்கத்து மேஜை மெய் லிங்கும்தான்.

எங்க ஆபீஸ்ல ஒரு சட்டம் உண்டு. கிடங்குல வண்டி மாட்டிக்கிட்டா, இறக்க ஆள் இல்லன்னா, ஃபோர்க்லிஃப்ட் கெட்டுப் போயிட்டா, டிரைவர் உடனே எங்களுக்குச் சொல்லணும். சொன்னா அவனோட அடுத்த பெட்டிக்கு வேற வண்டியைத் திருப்பி விடுவோம். சட்டம் இவ்வளவுதான். இதை ஒருத்தனும் கடைப்பிடிக்க மாட்டான். முனியாண்டின்னு ஒரு டிரைவர், மலேசியாவுல ஜொகூர்லேருந்து தினமும் மோட்டார் சைக்கிள்ல பாலத்தைத் தாண்டி வேலைக்கு வர்றவர், எங்க கம்பெனியோட பழைய ஆள். தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு நாள் கிராஞ்சில மாட்டிக்கிட்டார். நான் போன் போடும் போதெல்லாம் "கேன் லா அக்கா, கொஞ்ச நேரம்தான்"னு சொல்லிட்டே இருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் சாயந்திரம் வரைக்கும் இழுத்துச்சு. அதுக்கப்புறம் அவர் எடுக்க வேண்டிய இன்னொரு பெட்டி, பூராவும் அப்பளமும் மசாலாத்தூளும் முறுக்கு மாவும், மொரிஷியஸ்ல தீபாவளிக்குக் கடைக்குப் போக வேண்டியது, கப்பலுக்குப் பெட்டி வாங்கற நேரம் முடிஞ்சு துறைமுகக் கேட்டுக்கு வெளியிலயே நின்னுடுச்சு. கப்பல் போயிடுச்சு. அடுத்த கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க தீபாவளியே முடிஞ்சுடும்.

மறுநாள் அவர் ஆபீஸுக்கு வந்தப்போ நான் ஆடின ஆட்டத்தை மெய் லிங்கைக் கேட்டாத்தான் தெரியும். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வண்டி அனுப்பியிருப்பேன்ல?" மனுஷன் தோள்ல கிடந்த துண்டால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, "அதான்க்கா சொல்லல. சொன்னா என் ட்ரிப்பைத் தூக்கி வேற ஆளுக்குக் குடுத்துடுவீங்களே"ன்னார். ஆபீஸே சிரிச்சுது. நான் சிரிக்கல. "உதவி கேட்டா கையில இருக்கறதும் போயிடும்னு பயந்து, கடைசில ரெண்டையும் விட்டீங்களே, அறிவு இருக்கா?"ன்னு மேல ரெண்டு திட்டு திட்டி அனுப்பினேன். வயசுக்கு ஒரு மரியாதை குடுத்திருக்கலாம், எனக்குக் கோவம் வந்தா அதெல்லாம் எங்க இருக்கு.

மூணு வாரம் கழிச்சு நீ தீபாவளிக்கு வந்தே. அந்த நாலஞ்சு நாளை நான் எப்படி நடத்தினேன்னு இப்போ நெனச்சா வெக்கமா இருக்கு. காலைல பல் டாக்டர், அங்கேருந்து பக்கத்துலயே பாஸ்போர்ட் போட்டோ, அந்த வழியிலயே மாமா வீடு, திரும்பி வரும்போது தேக்காவுல சட்டை, கோயில், சாயந்திரம் உன் பழைய கூட்டாளி வீடு. ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குச் சும்மா போகக் கூடாது, போற வழியில ஒரு வேலை முடியணும். மகனையும் வண்டி அனுப்பற மாதிரியே அனுப்பிட்டிருந்தேன். கடைசி நாள் தேக்கா மார்க்கெட்ல, கையில பை எல்லாம் வச்சுக்கிட்டு, "அம்மா, எங்கயாவது கொஞ்ச நேரம் உக்காருவோமா, ஒண்ணு சொல்லணும்"னே. "உக்காரவெல்லாம் நேரம் இல்லடா, கடை மூடிடுவான், நடந்துக்கிட்டே சொல்லு"ன்னேன். நீ "பரவால்ல, அப்புறம் சொல்றேன்"னுட்டே. கிளினிக் விஷயத்தை அன்னைக்கே என் முகத்தைப் பாத்துச் சொல்ல வந்திருக்கே, இல்ல? முகத்தைப் பாத்திருந்தா உனக்குப் பதில் அப்பவே தெரிஞ்சிருக்கும்.

ஏர்போர்ட்லயும் எப்பவும் அதே கதைதான். நீ மொத மொத மிருக வைத்தியம் படிக்கப் போறப்போ, நேரம் நெறைய இருக்கும்போதே "உள்ள போ, உள்ள போ, மூடிடுவான்"னு துரத்தினேன். கேட் மூடற நேரத்தைப் பாத்துப் பாத்தே என் பொழப்பு போகுது, என்ன பண்றது. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பாத்தப்போ நான் தலைக்கு மேல இருக்கற போர்டைப் பாத்துட்டிருந்தேனாம், நீதான் சொல்லிக் காட்டுவே. அப்புறம் அந்த மிச்ச நேரம் பூரா நான் வெளியிலயே ஒரு நாற்காலில உக்காந்திருந்தேன். அது உனக்குத் தெரியாது.

இப்போ நான் மயங்கி விழுந்த கதைக்கு வர்றேன். உனக்கு மெய் லிங் சொன்னது பாதிதான். சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம், எல்லாக் கடைக்காரனுக்கும் லீவுக்கு முன்னாடி பெட்டி வேணும், எங்களுக்குத் தலை தூக்க நேரம் இல்ல. காலைல நான் சாப்பிடல. மத்தியானமும் சாப்பிடல. முந்தின நாள் ராத்திரியும் பிஸ்கட்தான். வேலைன்னு மட்டும் சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன். ஒரு ஆளுக்குச் சமைச்சு ஒரு தட்டு வச்சு ஒருத்தியா உக்காந்து சாப்பிடறது எனக்குப் பிடிக்காமப் போய் ரொம்ப நாளாச்சு. நாற்காலிலேருந்து சரிஞ்சுட்டேன். பேப்பர் குடுக்க வந்த முனியாண்டிதான் என்னைத் தூக்கியிருக்கார், மெய் லிங் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரில மருந்து ஏத்தி, ரத்தம் எடுத்து, உடம்புல உப்பும் சத்தும் கொறைஞ்சுடுச்சு, பயப்பட ஒண்ணுமில்லன்னாங்க. சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த டாக்டர் பொண்ணு, "வீட்ல உங்க கூட யாரு இருக்கா ஆன்ட்டி?"ன்னு கேட்டுது. "மகன்"னேன். "அவர் வந்து கூட்டிட்டுப் போவாரா?" "வேலையில இருக்கான்." அது எழுதிக்கிட்டுப் போயிடுச்சு. பாதி உண்மைதானே, நீ வேலையிலதானே இருந்தே.

முனியாண்டி போகாம கதவுக்கு வெளியிலயே நின்னுட்டிருந்தார். மெய் லிங்குக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போகணும், அதனால "நான் பாத்துக்கறேன்"னு இவர் சொல்லியிருக்கார். டாக்சி கூப்பிடறேன்னா கேக்கல. தன் வண்டியோட தலையை மட்டும் டிரெய்லர் இல்லாம ஓட்டிட்டு வந்திருந்தார். அத்தனை வருஷமா அந்த வண்டிங்களை இங்க போ அங்க போன்னு விரட்டறேன், ஒரு தடவை கூட ஒண்ணுல ஏறினதில்ல கதிர். படி எனக்கு எட்டல, கையைப் பிடிச்சு ஏத்தி விட்டார். பின்னால பாரம் இல்லன்னா அது ரோட்ல குதிக்கும் பாரு, வயித்துல இருக்கறது எல்லாம் வாய்க்கு வந்துடும். சும்மா வர வேண்டாமேன்னு, "வெறும் வண்டி ஓட்டறீங்களே, யாரு பெர்மிஷன் குடுத்தா?"ன்னேன். "வெறும் வண்டியா? நீங்க இருக்கீங்களேக்கா, பெரிய லோடு"ன்னார். நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

சுவா சூ காங்ல நம்ம பிளாக்குக்கு முன்னாடி ரோட்டோரமா நிறுத்தினார். விளக்கு வைக்கிற நேரம், பிளாக் பூரா ஒவ்வொரு வீடா வெளிச்சம் வந்துட்டிருந்துச்சு. "உங்க வீடு எதுக்கா?"ன்னு கேட்டார், காட்டினேன். "மகன் இருக்கார்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே, லைட்டைக் காணோம்?" "தூங்கறான்"னேன். அவர் வழியில வாங்கின சோத்துப் பொட்டலத்தை என் கையில குடுத்து, "சூடா இருக்கும் போதே சாப்பிடுங்க"ன்னார். மேல போய்க் கதவைத் திறந்து ஜன்னல் வழியா பாத்தா வண்டி இன்னும் அங்கயே நிக்குது. நம்ம வீட்ல வெளிச்சம் வர்றதுக்காக நிக்கறார். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஹால்ல போட்டேன், என் ரூம்ல போட்டேன், சமையல்கட்டுல போட்டேன், உன் ரூம்லயும் போய்ப் போட்டேன், வீடு நிறைய ஆள் இருக்கற மாதிரி. அப்புறம்தான் ஒரு ஹாரன் அடிச்சுட்டுக் கிளம்பினார். அந்த மனுஷனுக்கு அதுக்கு மேல பாலத்துல நெரிசலைத் தாண்டி வீட்டுக்குப் போகணும். நான் உன் கட்டில்ல உக்காந்து, நீ செவுத்துல ஒட்டி வச்ச மாட்டு எலும்புக்கூடு படத்தைப் பாத்துக்கிட்டே அந்தச் சோத்தைச் சாப்பிட்டேன். அழுதேன். நீ அப்போதான் போன் பண்ணினே, மெய் லிங் சொல்லிட்டான்னு கத்தினே, "ஏம்மா சொல்லல, ஏம்மா சொல்லல"ன்னு. "சும்மா தலை சுத்தல்டா, அவ ஒரு பயந்தாங்கொள்ளி, ஓகே லா"ன்னேன்.

தனியா இருக்கேன் கதிர். எழுதிட்டேன் பாரு. நாள் பூரா டிரைவருங்க கூடக் கத்தறதால வாய் ஓயற மாதிரி இருக்கும், ஆனா வெள்ளிக்கிழமை ஆபீஸ் கதவைச் சாத்தினா திங்கள் வரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ரேடியோவை ஓட விடறேன், பாட்டுக்காக இல்ல, நடுவுல அந்தப் பொண்ணு பேசுதே, அதுக்காக. போன சனிக்கிழமை லிஃப்ட்ல ஒரு சீனப் பெரியவர் "சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்டார். அன்னைக்கு எனக்குன்னு யாராவது பேசினது அது ஒண்ணுதான். உங்கப்பா தவறிப் போனப்போ நீ செகண்டரி த்ரீ, பதினஞ்சு வயசு. வீடு அப்பவும் வெறிச்சுன்னுதான் இருந்துச்சு. ஆனா நீ ஷூவைக் கழட்டி எறியற சத்தம் ஒண்ணு இருந்துச்சு, நான் கத்தறதுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. இப்போ ஷூ எல்லாம் ஒழுங்கா இருக்கு.

இவ்வளவையும் வச்சுக்கிட்டு ஏன் சொல்லலன்னு கேப்பே. ரெண்டு பயம். ஒண்ணு, சொன்னா நீ வந்துடுவியோன்னு. சேறு தோள் வரைக்கும் அப்பி, ஒரு கன்னுக்குட்டியைத் தாய் வயித்துலேருந்து இழுத்துப் போட்டுட்டு நீ சிரிக்கற வீடியோவை அனுப்பினியே. உங்கப்பா போனதுக்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் பாத்ததில்ல. கடலே கண்ணுக்குத் தெரியாத ஊர், கப்பல்லேருந்து இறங்கின பெட்டி ரயில்ல ஒரு நாள் போனாத்தான் அங்க வரும்னு நீயே சொன்னே. அப்படி ஒரு இடத்துல போய் என் பிள்ளை சந்தோஷமா இருக்கான். அவனைக் கூப்பிட்டு வந்து இங்க ஷாப்பிங் மால்ல பூனைக்கு நகம் வெட்ட விடணுமா? வந்துட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்? இன்னொரு பயம் அதுக்கு நேர் எதிர். நான் வான்னு சொல்லி, நீ வரலன்னு சொல்லிட்டா? கேக்காம இருந்தா, கேட்டா வந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டாவது இருக்கலாமே. முனியாண்டியைப் போய் அறிவு இருக்கான்னு கேட்டேன் பாரு.

போன ஞாயித்துக்கிழமை வழக்கம் போலத் தேக்காவுக்குப் போனேன். காய்கறி நம்ம பிளாக்குக்குக் கீழயே கிடைக்கும், நான் போறது கூட்டத்துக்காக. கோயிலுக்குப் போயிட்டு, தமிழ்நாட்டுலேருந்து வேலைக்கு வந்த பசங்க லீவு நாள்ல உக்காந்திருப்பாங்களே, அந்தப் புல்வெளிக்குப் பக்கத்துல போய் நிப்பேன், யாருக்கோ காத்திருக்கற மாதிரி. சுத்தித் தமிழ்ல பேசிட்டிருப்பாங்க, வீட்டுக்கு வீடியோ கால் போட்டுட்டிருப்பாங்க, காதுல விழுந்துட்டே இருக்கும். அன்னைக்கு ஒருத்தர், முப்பது முப்பத்தஞ்சு இருக்கும், கிராஞ்சில தங்கி வேலை பாக்கறவர், பேர் பாண்டி, தான் விரிச்சிருந்த பிளாஸ்டிக் பாயில இடம் விட்டு, "உக்காருங்கம்மா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க. யாருக்கு வெயிட் பண்றீங்க?"ன்னார். "மகனுக்கு"ன்னேன். அதுவும் பழக்கமாயிடுச்சு எனக்கு.

அவர் போன்ல அவங்கம்மா, புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ கிராமம். பக்கத்துல நான் இருக்கறதைப் பாத்துட்டு, "யாருடா அது? போனைக் குடு"ன்னு என் கைல குடுக்க வச்சுட்டாங்க. "ஏம்மா, எம்மவன் மெலிஞ்சா போயிட்டான்? நேர்ல பாக்குறவுக நீங்க சொல்லுங்க." நல்லாத்தான் இருக்கார்னேன். "என்னத்த நல்லாருக்கான். வாடா, வந்துருடான்னு தெனம் சொல்லுறேன். கேக்க மாட்டேங்கிறான்"னாங்க. பாண்டி சிரிச்சுக்கிட்டே, "இப்ப முடியாதும்மா, இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்"னார். "போடா போக்கத்தவனே"ன்னு அந்தம்மாவும் சிரிச்சாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவங்க "வா"ங்கறாங்க, அவர் "முடியாது"ங்கறார், ரெண்டு பேரும் சிரிக்கறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் மெல்ல, "தினமுமா கேக்கறீங்க?"ன்னேன். "கேக்காம? அவன் வாரது அவன் சௌகரியம். எனக்கு அவன் வேணும்ங்கிறது அவனுக்குத் தெரியணுமில்ல? ஆமா, உங்க மகன் எங்க இருக்காக?" வந்துட்டிருக்கான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஏனோ அந்த முகத்தைப் பாத்து முடியல. "ஆஸ்திரேலியாவுல"ன்னேன். "வரச் சொன்னீகளா?" "இல்ல." "ஏன், சொன்னா வாயா நோகும்?"

பாண்டி பாவம், "விடும்மா, விடும்மா"ன்னு போனைப் பிடுங்கிட்டார். யாருக்கு வெயிட் பண்றீங்கன்னு அதுக்கப்புறம் அவர் என்னைக் கேக்கவே இல்ல, ஒரு டீ வாங்கிக் குடுத்தார். நான் எழுந்து ஜாலான் புசார் பக்கமா நடந்தேன். இரும்புக் கடை எல்லாம் பாதி மூடியிருந்துச்சு, நான் அழறதைப் பாக்க யாரும் இல்ல. எம்ஆர்டி ரயில் வர்ற வரைக்கும், வீடு வர்ற வரைக்கும், இந்த வாரம் பூரா அந்தம்மா கேட்டதுதான் காதுல கேட்டுட்டே இருந்துச்சு. உன்னை வளத்ததுல நான் உனக்கு நெறையச் சொல்லிக் குடுத்தேன். நேரத்துக்குப் போகணும், அடுத்தவனுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாது, கையேந்தக் கூடாதுன்னு. வேணும்னா வேணும்னு கேக்கலாம், முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லலாம், அதுக்கப்புறமும் ஒரே பாயில உக்காந்து சிரிக்கலாம்னு சொல்லிக் குடுக்கல. எனக்கே தெரியாதே. நீயும் என்னை மாதிரியேதான் வளந்திருக்கே. அந்த ஊர்ல உனக்குக் காய்ச்சல் வந்தா நீ நல்லானதுக்கப்புறம்தான் எனக்குத் தெரியும். அதை மாத்திக்கோ. உனக்குன்னு யாராவது வந்தா அவங்ககிட்டயும் மாத்திக்கோ. எனக்கு இந்த வயசுல ஆரம்பிக்க வேண்டியதாயிருக்கு, நீ சீக்கிரமே ஆரம்பி.

சரி, பதில். கதிர், வா. எனக்கு நீ வேணும். வீட்ல உன் சத்தம் வேணும். இங்க உனக்கு மாடு கிடையாது, கிராஞ்சில நாலு ஆட்டைத் தவிரப் பெரிசா ஒண்ணும் கிடையாது, எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறேன். அந்த வீடியோவை இன்னைக்குக் காலைல கூட ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுத்தான் எழுத உக்காந்தேன். அதையும் மீறி வான்னுதான் என் மனசு சொல்லுது, நீ மனசுல இருக்கறதைத்தானே கேட்டே.

ஆனா "வான்னு சொன்னா வந்துடறேன்"னு சொன்னே பாரு, அந்தப் பேச்சை மட்டும் விட்டுடு. கூப்பிடறது என் பாடு. வர்றதும் வராததும் உன் பாடு. நல்லா யோசி. அங்கதான் இருக்கணும்னு தோணுச்சுன்னா கையெழுத்தைப் போடு. போட்டுட்டு எனக்குப் போன் பண்ணி "முடியாதும்மா"ன்னு உன் வாயால சொல்லு, மெசேஜ் போடாதே. நான் அழுவேன், அதைக் கேட்டுட்டுப் போனை வச்சுடாம இரு. மறுநாள் எழுந்து வேலைக்குப் போவேன், நாலு டிரைவரைத் திட்டுவேன், சாப்பிடவும் செய்வேன், சத்தியமா. ஆனா அம்மாவுக்கு ஒண்ணும் வேண்டாம்னு நெனச்சுக்கிட்டு மட்டும் நீ அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது.

வாடா.

முடியாதுன்னு நீ சொன்னாலும் அடுத்த நாளும் கேப்பேன்.

அம்மா